சென்னையை விடக் கொழும்பு பக்கம்!

மதுரைக்குப் பக்கம் எது? சென்னையா, கொழும்பா?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் சிரிப்பார்கள். "இது என்ன கேள்வி? சென்னை நம் ஊர். கொழும்பு கடல் கடந்த சீமை" என்பார்கள்.

அவனியாபுரத்தில் ஒரு டீக்கடை. விமான நிலையத்துக்குச் சவாரி போகும் ஆட்டோக்காரர்கள் கூடும் இடம். ஒரு நாள் காலையில் அங்கே இதே கேள்வி எழுந்தது. பேச்சு வளர்ந்தது. கடைசியில் பந்தயத்தில் போய் நின்றது. தோற்றவர் அங்கே இருந்த 8 பேருக்கும் டீயும் வடையும் வாங்கித்தர வேண்டும்!

"சென்னைதான் பக்கம். ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது கோயம்பேடு, கிளாம்பாக்கம் என்று போய் இறங்கி விடுகிறோம். கொழும்புக்குப் பஸ் போகுமா?" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

"பஸ் போகாது அண்ணே. ஆனால் ஆகாய வழியில் கொழும்புதான் பக்கம்" என்றான் ஒரு கல்லூரி மாணவன்.

மூலை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். கையில் ஒரு மஞ்சள் பை. அவர் எந்தப் பக்கமும் பேசவில்லை. ஆனால் டீ ஆறிப் போவதுகூடத் தெரியாமல் கேட்டுக் கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. செல்போனை எடுத்து, மூன்று விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பார்த்தேன். பூமிப் பந்தின் மேல் குறுக்கிலும் நெடுக்கிலும் போட்ட கற்பனைக் கோடுகள் இவை. பள்ளியில் படித்திருப்பீர்கள். இரண்டு ஊர்களின் கோடுகள் தெரிந்தால் நடுவில் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டு விடலாம்.

கணக்கு முடிந்ததும் எனக்கே வியப்பாக இருந்தது.

மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம், நூல் பிடித்தாற்போல் நேராகப் போனால், சுமார் 417 கிலோமீட்டர். பழைய கணக்கில் 259 மைல்.

மதுரையிலிருந்து கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கா சுமார் 354 கிலோமீட்டர். அதாவது 220 மைல்.

வித்தியாசம் 63 கிலோமீட்டர்! மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற தூரம் மிச்சம். பெங்களூர் விமான நிலையம்கூட மதுரையிலிருந்து ஏறக்குறைய 375 கிலோமீட்டர். அதையும் விடக் கொழும்பு பக்கம்.

மாணவன் ஜெயித்து விட்டான். ஆட்டோக்காரர் விடவில்லை.

"தூரம் கிடக்கட்டும் சார். போய்ச் சேர எத்தனை மணி நேரம்? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

நியாயமான கேள்விதான்.

கமுதிக்கு மேலே...

முதலில் அந்த நேர்க்கோடு எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம்.

மதுரை விமான நிலையம் நகருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில், பெருங்குடிப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து தென்கிழக்காகக் கோடு இழுத்தால், காரியாபட்டிக்குக் கிழக்கே போய், கமுதிக்கு நேர் மேலே போகும். கீழே சீமைக் கருவேல முள்ளும், கண்மாயும், மிளகாய்க் காடும். பிறகு சாயல்குடிக்குக் கிழக்கே கடற்கரை வந்து விடும்.

இதுவரை 90 கிலோமீட்டர் சொச்சம்தான் தரை. மிச்சம் உள்ள 260 கிலோமீட்டரும் மன்னார் வளைகுடாக் கடல். நீர்கொழும்புப் பக்கம் தென்னந்தோப்புகள் தெரிகிற போதுதான் மறுபடி தரை வரும். அதற்கு அடுத்ததே கட்டுநாயக்கா.

விமானம் இந்தக் கோட்டின் மேலேயே போகும் என்று எண்ணி விடக்கூடாது. ஆகாயத்திலும் பாதைகள் வகுத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் கூடத்தான் பறக்க வேண்டியிருக்கும்.

சென்னைக்குப் போகும் கோட்டில் வேறோர் அதிசயம் இருக்கிறது. அது திருச்சிக்குப் பக்கத்தில் போகிறது. விழுப்புரத்துக்கு மேல் போகிறது. செங்கல்பட்டையும் தொடுகிறது. நம் ரயில் பாதையும் அதே ஊர்கள் வழியாகத்தானே போகிறது! வெள்ளைக்காரன் காலத்தில் தண்டவாளம் போட்டவர்கள் பெரும்பாலும் நேர்வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள். திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவில் மட்டும் ரயில் திண்டுக்கல்லைத் தொட்டுக் கொண்டு வளைகிறது. அங்கங்கே உள்ள வளைவுகளும், மீனம்பாக்கத்தைத் தாண்டி எழும்பூர் வரை போவதும் சேர்ந்து, ரயில் வழித் தூரம் ஏறக்குறைய 495 கிலோமீட்டர் ஆகிறது.

27 நிமிடம் ஏன் 1 மணி ஆகிறது?

ஜெட் விமானம் உயரத்தில் முழு வேகம் பிடித்து விட்டால் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அந்த வேகத்தில் 354 கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? வகுத்துப் பாருங்கள். 27 நிமிடத்துக்குள் முடிந்து விடும்.

ஆனால் மதுரை-கொழும்பு விமானத்துக்கு அட்டவணையில் ஏறக்குறைய 1 மணி நேரம் போட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் எங்கே போயிற்று?

மாட்டு வண்டி பூட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். காளை தொழுவத்திலிருந்தே ஓட்டம் பிடிப்பதில்லை. வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும், திருப்ப வேண்டும், பிறகுதான் ஓட்டம்.

விமானமும் அப்படித்தான். கதவு மூடியதும் கட்டிடத்தை விட்டு விலகி, மெல்ல ஊர்ந்து ஓடுபாதையின் ஒரு முனைக்குப் போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்முகமாக நின்றுதான் கிளம்பும். எதிர்காற்று இறக்கையைத் தூக்கிக் கொடுக்கும். மதுரையின் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. காற்றுக்காக மேற்கே பார்த்துக் கிளம்பினால், ஆகாயத்தில் ஏறிய பிறகு தென்கிழக்கே திரும்பியாக வேண்டும்.

பிறகு ஏற்றம். 20 ஆயிரம் அடிக்கு மேல் ஏறுவதற்குள் பாதி வழி வந்து விடும். சமமாகப் பறப்பது சில நிமிடங்களே. பணிப்பெண் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் "இறங்கப் போகிறோம், பெல்ட்டைப் போடுங்கள்" என்று அறிவிப்பு வந்து விடும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகத்தில் போக முடியாது. இறங்கும் இடத்தில் முன்னால் வேறு விமானங்கள் இருந்தால் வரிசையில் காத்திருக்கவும் வேண்டும்.

ஆகவே குறுகிய தூரம் என்றால் விமானத்தின் வேகம் முழுவதும் நமக்குக் கிடைப்பதில்லை. தூரம் கூடக் கூடத்தான் அதன் வேகத்துக்கு மரியாதை!

விமானத்துக்கு விமானமும் நேரம் மாறும். மதுரை-சென்னை வழியில் விசிறி வைத்த சிறிய விமானங்களும் பறக்கின்றன. அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். ஜெட் ஒன்றேகால் மணிக்குள் போனால், விசிறி விமானம் ஒன்றரை மணி எடுக்கும். டிக்கெட் வாங்கும்போது பலரும் இதைக் கவனிப்பதில்லை.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு

இது வரை சொன்னது விமானத்தின் கணக்கு. மனிதன் விமான நிலையத்திலா குடியிருக்கிறான்? வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும்.

மேலூரில் உள்ள ஒரு குடும்பம் கொழும்புக்குப் போகிறது என்று வைத்துக் கொள்வோம். மேலூரிலிருந்து சுற்றுச்சாலை வழியாக விமான நிலையம் வர ஒன்றேகால் மணி. வெளிநாட்டு விமானம் ஆகையால் 3 மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். பெட்டியை எடை போட வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க வேண்டும். சோதனை முடிய வேண்டும். பிறகு 1 மணி நேரம் விமானம். கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கேயும் முத்திரை வாங்கி, பெட்டியை எடுத்து வெளியே வர முக்கால் மணி. அங்கிருந்து கொழும்பு நகரம் சுமார் 30 கிலோமீட்டர். 2013-இல் திறந்த வேகச்சாலை வழியாகப் போனாலும் நகருக்குள் வீடு போய்ச் சேர முக்கால் மணி.

மொத்தம்? 6 மணி 45 நிமிடம்!

அதில் ஆகாயத்தில் இருப்பது 1 மணி நேரத்துக்கும் குறைவு. மற்ற நேரமெல்லாம் வரிசையும் நாற்காலியும்தான். 354 கிலோமீட்டரை இந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 52 கிலோமீட்டர் வருகிறது. நம்ம ஊர் பஸ் வேகம்!

சென்னைக்கு? மதுரை நகருக்குள்ளிருந்து புறப்பட்டு, 2 மணி நேரம் முன்னதாகப் போய், பறந்து, பெட்டி வாங்கி, மெட்ரோ ரயில் ஏறி நகருக்குள் போனால் 5 மணி முதல் ஐந்தரை மணி ஆகிறது.

ரயிலைப் பாருங்கள். 1977 ஆகஸ்டு 15-இல் வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய போது, அது சின்னப் பாதை. ஆனாலும் சுமார் 7 மணி நேரத்தில் சென்னை போய் நாட்டையே வியக்க வைத்தது. 2019 மார்ச்சு 1-இல் தேஜஸ் வந்தது. ஆறேகால், ஆறரை மணியில் போகிறது. 2023 செப்டம்பரில் நெல்லையிலிருந்து வந்தே பாரத் வந்தது. மதுரையிலிருந்து எழும்பூருக்கு 6 மணி நேர அளவுதான். அதுவும் ஊர் நடுவில் ஏறி, ஊர் நடுவில் இறங்கலாம்.

ஆகவே சென்னைக்கு விமானத்தில் போனால் வீட்டுக்கு வீடு ஒன்றரை மணிக்கு மேல் மிச்சமாவது அரிது. கைக்குழந்தையும் இரண்டு பெட்டியும் உள்ள குடும்பத்துக்கு ரயிலே சௌகரியம் என்பது என் கட்சி. அவசரக் காரியத்துக்கு விமானத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

கொழும்புக்கு அப்படி ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. ரயில் இல்லையே!

ஆனால் ஒரு காலத்தில் இருந்தது.

நடந்து போன வழி

1830-களில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. 1867-க்குப் பிறகு தேயிலை வந்தது. வேலைக்கு ஆள் வேண்டும். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளில் மழை பொய்த்த ஊர்களுக்குக் கங்காணிகள் வந்தார்கள். முன்பணம் கொடுத்து ஆள் கட்டிக் கொண்டு போனார்கள்.

அவர்களுக்கு ஏது விமானம்? வீட்டிலிருந்து கடற்கரை வரை நடை. அங்கிருந்து தோணியில் மன்னார்க் கரை. பிறகு மாத்தளை வரை காட்டு வழியில் மறுபடி நடை. குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு நடந்த தாய்மார்கள் எத்தனை பேர்! காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொண்டு போயின. வாரக்கணக்கில் நடந்தவர்களில் மலை ஏறிச் சேர்ந்தவர்கள் போக, சேராதவர்களுக்குச் சமாதிகூட இல்லை.

பிறகு தூத்துக்குடியிலிருந்து கப்பல் போயிற்று. 1902-இல் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது. 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். தனுஷ்கோடி வரை ரயில் ஓடியது.

அதுதான் 'போட் மெயில்' காலம். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலில் ஏறுவார்கள். சுமார் 22 மைல் கடல். எதிர்க்கரையில் தலைமன்னார். அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். இரவு முழுவதும் ஓடி, விடிந்ததும் கொழும்புக் கோட்டை நிலையம். சுதந்திரத்துக்கு முன்னால் போய்வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் தேவைப்படவில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு மட்டும் மண்டபம் முகாமில் தடுப்பும் மருத்துவச் சோதனையும் இருந்தன.

மதுரைப் பக்கத்து வியாபாரிகள் கொழும்பில் கடை வைத்தார்கள். மாமன் அங்கே, மச்சான் இங்கே என்று குடும்பங்கள் இரண்டு கரையிலும் வேர்விட்டன.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் வந்தது. தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. அங்கே போய்க் கொண்டிருந்த பயணி ரயிலையும் அலை அடித்துக் கொண்டு போயிற்று. அதன் பின் தனுஷ்கோடிக்கு ரயில் போகவே இல்லை. ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். 1980-களில் இலங்கையில் போர் மூண்ட போது அதுவும் நின்றது.

2025 ஏப்ரல் 6-இல் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்திருக்கிறார்கள். ஆனால் ரயில் ராமேசுவரத்தோடு நின்று விடுகிறது.

65 ஆண்டுக் காத்திருப்பு

இலங்கையின் 'ஏர் சிலோன்' விமானம் 1947 டிசம்பர் 10-ஆம் தேதி முதன்முதலாகப் பயணிகளோடு பறந்தது. எங்கே? இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்தைத் தொட்டுக் கொண்டு சென்னைக்கு! மதுரையின் தலைக்கு மேல் அல்ல, பக்கவாட்டில் போய்விட்டது.

மதுரையில் அப்போதே விமானத்தளம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ விமானங்கள் இறங்கிய இடம் அது. ஆனாலும் அருகில் உள்ள கொழும்புக்கு நேர் விமானம் வர ஏறக்குறைய 65 ஆண்டுகள் ஆயின. 2010 செப்டம்பரில் புதிய முனையக் கட்டிடம் திறந்தார்கள். 2012 செப்டம்பர் 20-ஆம் தேதி ஸ்பைஸ்ஜெட் விமானம் மதுரையிலிருந்து கொழும்புக்குப் பறந்தது. மதுரையிலிருந்து கிளம்பிய முதல் வெளிநாட்டு விமானமே அதுதான். இலங்கை விமானங்களும் பிறகு வந்தன.

அதுவரை மதுரைக்காரர் கொழும்பு போக என்ன செய்தார்? திருச்சிக்கோ, சென்னைக்கோ, திருவனந்தபுரத்துக்கோ போய் விமானம் ஏறினார். சென்னை வழி என்றால், தெற்கே போக வேண்டியவர் முதலில் வடக்கே 417 கிலோமீட்டர் போக வேண்டும்!

கைக்கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று மதுரையில் என்ன மணியோ, கொழும்பிலும் அதே மணிதான். 1996-இன் கடைசியிலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் நம்மை விட அரைமணி முன்னால் ஓடியது. அந்த ஏற்பாடு இருந்திருந்தால், போகும்போது அரைமணி நஷ்டம், வரும்போது அரைமணி லாபம்.

மதுரையின் ஓடுபாதை நீளம் 7,500 அடி. கட்டுநாயக்காவில் ஏறக்குறைய 11,000 அடி. கொழும்பு போகிற நடுத்தர விமானத்துக்கு மதுரை ஓடுபாதை போதும். பெரிய விமானங்களுக்குப் போதாது. அதனால் 12,500 அடியாக நீட்ட வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். நடுவில் சுற்றுச்சாலை குறுக்கிடுகிறது. பக்கத்துச் சின்ன உடைப்பு கிராமத்தில் வீடுகள் போகும். 2024 நவம்பரில் அந்த ஊர் மக்கள் மாற்று இடம் கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். விமானத்தில் போகிறவருக்கு மிச்சமாகும் நேரத்துக்காகத் தலைமுறை வீட்டை விடுகிறவருக்கு, நல்ல இடத்தில் வீடு கொடுத்து விட்டுப் பிறகு மண்வெட்டியைத் தொட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

217 போக 771!

இன்னொரு கணக்கு கேளுங்கள். இது கொஞ்சம் வேடிக்கை, கொஞ்சம் வேதனை.

மதுரை விமான நிலையத்திலிருந்து நேர் கிழக்கே கோடு இழுத்தால் எங்கே போகும்? யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போகும்! இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. தூரம் சுமார் 217 கிலோமீட்டர். சென்னையின் தூரத்தில் பாதிதான்.

ஆனால் நேர் விமானம் இல்லை. பலாலிக்குச் சென்னையிலிருந்து 2019 நவம்பரில் விமானம் தொடங்கினார்கள். மதுரைக்காரர் அந்த வழியில் போனால் சென்னைக்கு 417, அங்கிருந்து பலாலிக்கு 354, ஆக மொத்தம் 771 கிலோமீட்டர். மூன்றரை மடங்கு! 2025-இல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் தொடங்கிய பிறகுதான் தென்மாவட்டத்தாருக்கு மூச்சு வந்தது.

இதைவிடப் பெரிய தூரமும் உண்டு. அதைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

மதுரையைச் சுற்றித் திருவாதவூர், ஆனையூர், உச்சப்பட்டி ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. போருக்குத் தப்பி வந்தவர்களும், அவர்கள் இங்கே பெற்ற பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும் வசிக்கிறார்கள். உச்சப்பட்டி முகாமிலிருந்து விமான நிலையம் வெகு தூரமில்லை. விமானத்தைப் பார்க்காத பிள்ளை அங்கே கிடையாது.

ஆனால் அவர்களில் பெரும்பாலோரிடம் பாஸ்போர்ட் இல்லை. ஊர் திரும்ப விரும்பினால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயணப் பத்திரம் வாங்க வேண்டும். இந்திய அரசிடம் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். போர் 2009-இல் முடிந்த பிறகு, ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுத்த டிக்கெட்டில் பல குடும்பங்கள் விமானம் ஏறிப் போயின. தோணியில் ஓர் இரவு நடுங்கிக் கொண்டு வந்தவர்கள், 1 மணி நேரத்தில் திரும்பிப் போய் இறங்கினார்கள். நடுவில் கழிந்தது 20 ஆண்டு, 25 ஆண்டு.

மூலை பெஞ்சுப் பெரியவர்

வடை வந்தது. ஆட்டோக்காரர் சிரித்துக் கொண்டே காசு எண்ணிக் கொடுத்தார். அப்போதுதான் அந்தப் பெரியவர் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, 3 மணி நேரம் முன்னாடியே வந்தால் உள்ளே விடுவாங்களா?" என்று கேட்டார்.

"விடுவார்கள் ஐயா. எங்கே போகிறீர்கள்?"

"அட்டனுக்கு."

அட்டன் இலங்கையின் தேயிலை மலையில் உள்ள ஊர். இவர் பிறந்தது அங்கே ஒரு தோட்ட லயத்தில்.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மலையகத் தமிழரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேருக்கு இந்தியக் குடியுரிமை. 3 லட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சம் ஒன்றரை லட்சம் பேர் கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974-இல் இரு நாடும் பாதிப்பாதியாகப் பிரித்துக் கொண்டன. ஒரே வீட்டில் தகப்பன் இந்தியா, கட்டிக் கொடுத்த மகள் இலங்கை என்று சீட்டு விழுந்தது.

இவருடைய வீட்டிலும் அப்படித்தான். அக்காள் வாக்கப்பட்ட வீட்டுக்கு இலங்கைக் குடியுரிமை. இவரும் அப்பா அம்மாவும் 1972-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்து கொண்டு மேலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அப்போது இவருக்கு 12 வயது.

"தலைமன்னார் வரைக்கும் அக்கா வழியனுப்ப வந்துச்சு. துறைமுகத்துக்குள்ளே அதை விடலை. அப்புறம் கடிதாசிதான். சண்டை வந்தப்புறம் அதுவும் இல்லை. இப்ப வாட்ஸ்அப்பிலே மூஞ்சியைப் பார்க்கிறேன். பல்லெல்லாம் விழுந்துருச்சு அதுக்கு" என்றார்.

பாஸ்போர்ட் எடுத்து விட்டார். பேத்தி செல்போனிலேயே இலங்கை அரசின் அனுமதியும் வாங்கித் தந்திருக்கிறாள். ஆனால் விமான நிலையத்துக்குள் எப்படிப் போவது, எங்கே நிற்பது என்று பயம். முதலில் ஒரு தடவை வெளியிலிருந்தாவது பார்த்து விடுவோம் என்று மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"காலையிலே கிளம்பினால், அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போயிடலாமா தம்பி?"

மறுபடி கணக்குப் போட்டோம். இந்தத் தடவை எட்டுப் பேரும் சேர்ந்து போட்டோம். மேலூரிலிருந்து இங்கே வந்து, சோதனைகளை முடித்துப் பறந்து, கட்டுநாயக்காவில் வெளியே வர 6 மணி நேரம். கொழும்புக் கோட்டை நிலையம் போக முக்கால் மணி முதல் 1 மணி. அங்கிருந்து அட்டனுக்கு மலை ரயில், சுமார் 5 மணி நேரம். கடலைத் தாண்டுவதை விட மலை ஏறுவதற்குத்தான் அதிக நேரம்!

"விமானம் காலையில் கிடைத்தால் சரி. மத்தியானத்துக்கு மேல் என்றால் கடைசி ரயில் போய்விடும். கொழும்பில் ஒரு ராத்திரி தங்கி, விடியற்காலை ரயிலைப் பிடியுங்கள் ஐயா" என்றான் மாணவன்.

"தங்கிக்கிறேன். ஒரு ராத்திரிதானே" என்றார் பெரியவர்.

மாணவன் ஒரு காகிதத்தில் நேரங்களை எல்லாம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தான். அவர் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்து விட்டு, மஞ்சள் பையில் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக் கொண்டார்.

பந்தயத்தில் தோற்ற ஆட்டோக்காரர் எழுந்தார். "வாங்கய்யா. நிலையத்தைச் சுற்றிக் காட்டிட்டு வந்து விடுகிறேன். எந்த வாசலில் ஏறணும்னு பார்த்து வைத்துக்குங்க" என்றார்.

இருவரும் போனார்கள். அந்தச் சவாரிக்கு ஆட்டோக்காரர் மீட்டர் போடவில்லை.